கொழப்பம் ஒண்ணும் இல்ல
(காட்டாக்கடையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். குழப்பம் என்ற சொல். பாறசாலை, நெய்யாற்றின்கரை, வெள்ளறடை, பனச்சமூடு, களியக்காவிளை என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கடைத்தெருவில் நின்றாலும் ஒருநாளில் பலமுறை காதில் விழும் சொல் அது. தமிழும் அதைத் தன் சொல் என்கிறது, மலையாளமும் தன் சொல் என்கிறது. இரண்டும் சொல்வது உண்மை. ஆனால் இரண்டு மொழியும் அதை ஒரே வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. அந்த வேறுபாட்டை நாள்தோறும் கையாண்டு வாழ்கிறவர்கள் நீங்கள். அதில் எவ்வளவு நுட்பமான மொழியறிவு இருக்கிறது என்பதை நீங்களே எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதை எடுத்துக் காட்டத்தான் இந்த மேடை.

திருவனந்தபுரத்தில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்காரர் ஒருவர் தம் தாயாரை அங்கே சேர்த்திருக்கிறார். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், 'குழப்பமொன்னுமில்ல' என்று சொல்லிவிட்டுப் போகிறார். மதுரைக்காரருக்கு மனம் ஆறவில்லை. டாக்டருக்குக் குழப்பம் இல்லை, சரி, அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்றுதானே அவர் கேட்டார்? சற்று நேரம் கழித்து அவர் நர்ஸிடம் போய், 'சிஸ்டர், இந்த மாத்திரையில எனக்குக் கொஞ்சம் குழப்பமா இருக்கு' என்கிறார். எது காலையில், எது ராத்திரியில் என்பதுதான் அவர் கேள்வி. நர்ஸ் காதில் விழுந்ததோ மாத்திரை, குழப்பம் என்ற இரண்டு சொற்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று பதறி, 'வயறினாணோ, தலைக்காணோ?' என்று கேட்கிறார். அடுத்த கட்டிலுக்குத் துணைக்கு வந்த நம் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்து வருகிறாள். 'அண்ணே, அம்மைக்கு ஒண்ணும் இல்ல, சொகமாட்டு இருக்காங்க எண்ணுதான் டாக்டர் சொன்னாரு' என்று இந்தப் பக்கம் சொல்கிறாள். அந்தப் பக்கம் திரும்பி நர்ஸுக்கு மாத்திரையின் சமாச்சாரத்தை மலையாளத்தில் விளக்குகிறாள். அரை நிமிடத்தில் காரியம் முடிந்தது. இப்படிப்பட்ட உதவியை இந்த ஊர்ப் பெண்கள் எத்தனை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது.

இனி அந்தச் சொல்லின் வேருக்கு வருவோம். குழை என்றால் இளகு, மசி. சோறு குழைகிறது, மாவைக் குழைக்கிறோம், சுண்ணாம்பைக் குழைக்கிறோம். குழைந்து இளகிய பொருள் குழம்பு. குழம்பிய நிலை குழப்பம். மலையாளத்திலும் இதே வரிசைதான். மாவு குழைப்பதை அவர்களும் குழைக்குக என்றே சொல்கிறார்கள். நாள்முழுக்க மண்வெட்டி பிடித்தவன் கை குழஞ்ஞு என்கிறான். நெஞ்சுவலியில் ஒருவர் சாய்ந்துவிட்டால் மலையாளப் பத்திரிகை 'குழஞ்ஞு வீணு' என்று எழுதுகிறது. உடம்பில் இருந்த உறுதி இளகிப்போய்ச் சரிந்தார் என்பது அதன் உள்பொருள். தமிழில் குழைந்து பேசுகிறான் என்றால் பணிந்து, நயந்து பேசுகிறான் என்று ஆகிறது. ஒரே இளகல்தான். ஒரு மொழி அதை உடம்பில் கண்டது, இன்னொரு மொழி பேச்சில் கண்டது.

குழம்பு என்ற சொல்லிடம் கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் அதில் சுவையான சங்கதி இருக்கிறது. தஞ்சாவூரிலோ சேலத்திலோ குழம்பு என்றால் சோற்றில் ஊற்றிக்கொள்வது. வேறு நினைப்பே வராது. பாறசாலைக்கு அப்பால் குழம்பு என்றால் மேலுக்குத் தேய்ப்பது. பிள்ளை பெற்றவளுக்குத் தன்வந்தரம் குழம்பு தேய்த்து வெந்நீர் ஊற்றுவது கேரளம் முழுக்க உள்ள வழக்கம். 'குழம்பு தேச்சு குளிச்சோ' என்று ஒரு பாட்டி கேட்டால், வெளியூர்த் தமிழர் திகைத்துத்தான் நிற்பார். ஆனால் திகைக்கவேண்டிய அவசியமே இல்லை. சந்தனக் குழம்பை மார்பில் பூசிக்கொள்வதைப் பழைய தமிழ்ப் பாட்டுகள் ஓயாமல் பேசுகின்றன. சித்த மருத்துவத்தில் குழம்பு என்பது ஒரு மருந்து வகை. அகத்தியர் குழம்பு இன்றும் சித்த மருத்துவர்கள் கொடுக்கும் மருந்து. ஆக, பூசுவதும் மருந்தும் உணவும் ஆகிய மூன்று பொருளும் தமிழில் இருந்தவைதான். அடுக்களைப் பொருள் மற்ற இரண்டையும் தமிழ்நாட்டுப் பேச்சில் பின்னுக்குத் தள்ளிவிட்டது. மலையாளம் பூசும் பொருளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வைத்தியசாலையும் வர்ம ஆசானும் நிறைந்த இந்த எல்லைப் பகுதியில் எல்லாமே உயிரோடு இருக்கின்றன. ஒரே வீட்டில் அடுப்பில் ஒரு குழம்பு, அலமாரியில் ஒரு குழம்பு.

மனம் தெளிவில்லாமல் இருப்பதற்குத் தமிழ் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். கலக்கம், மயக்கம், குழப்பம். கலத்தல் என்பதிலிருந்து கலக்கம். மயங்குதல் என்பதற்குப் பழம்பொருள் ஒன்றோடொன்று விரவுதல். குழைதலிலிருந்து குழப்பம். மூன்றுக்கும் அடியில் இருப்பது கலப்பு. தெளிவு என்பது கசடு கீழே படிந்து நீர் மேலே நிற்பது, அது பிரிவு. நம் முன்னோர் மனத்தை நீராகவே பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பியர்களும் அப்படித்தான். ஆங்கிலத்தில் கன்பியூஷன் என்கிறோமே, அதன் லத்தீன் மூலத்துக்கு ஒன்றாகச் சேர்த்து ஊற்றுதல் என்றுதான் பொருள்.

ஆனால் தமிழ் இலக்கணம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. தொல்காப்பியத்தில் சொல்லதிகாரத்தின் மூன்றாம் இயலுக்கு வேற்றுமை மயங்கியல் என்று பெயர். ஒரு வேற்றுமை நிற்கவேண்டிய இடத்தில் இன்னொன்று வந்து நிற்பதை அது பேசுகிறது. எந்த மெய்யெழுத்துக்குப் பின்னால் எந்த மெய்யெழுத்து வரலாம் என்பதை மெய்ம்மயக்கம் என்கிறோம். குறிஞ்சிக்குரியது முல்லையில் வந்தால் திணைமயக்கம். இந்த மயக்கங்களைக் கண்டு தொல்காப்பியர் முகம் சுளிக்கவில்லை. எங்கே மயங்கலாம், எந்த அளவுக்கு மயங்கலாம் என்று விதி எழுதினார். கலப்புக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பது தமிழ் இலக்கணத்தின் மிகப் பழைய முடிவு. இன்றைய பேச்சின் மையக் கருத்து அதுதான். பின்னால் அதற்குத் திரும்ப வருகிறேன்.

இப்போது இரண்டு மொழியும் எங்கே பிரிகின்றன என்று பார்க்கலாம். தமிழ்நாட்டில் குழப்பம் பெரும்பாலும் மண்டைக்குள் இருக்கிறது. எந்தப் படிப்பில் சேர்வது என்று குழப்பம், கணக்கில் குழப்பம், வாக்காளர் பட்டியலில் பெயர்க் குழப்பம். வெளியே வந்தால் ஊர்க் கலவரத்தையும் ஆட்சித் தடுமாற்றத்தையும் அது குறிக்கும். அரசியல் குழப்பம் என்று பத்திரிகையில் படிக்கிறோம். குழம்பிய குட்டையில் மீன் பிடிக்கிறான் என்று பழமொழி சொல்கிறோம். ஈழத்தில் குழப்படி என்று ஒரு வடிவம் வழங்குகிறது. அது குழந்தைகளின் குறும்பு. 'குழப்படி செய்யாமல் இரு' என்று யாழ்ப்பாணத் தாய் பிள்ளையை அதட்டுவாள்.

மலையாளத்திலோ குழப்பம் பொருளிலும் உடம்பிலும் காரியத்திலும் இருக்கிறது. வண்டிக்கு எந்தோ குழப்பம் என்றால் எஞ்சினில் கோளாறு. வயறினு குழப்பம் என்றால் வயிறு சரியில்லை. ஆகெ குழப்பத்திலாயி என்றால் வசமாகச் சிக்கிக்கொண்டார். குழப்பக்காரன் என்றால் வம்புக்காரன். மனக் குழப்பத்தைத் தனியாகச் சொல்லவேண்டி வரும்போது ஆசயக்குழப்பம் என்று ஒட்டுச் சேர்த்துக்கொள்கிறார்கள். இந்த ஒட்டு ஒன்றே போதும், வெறும் குழப்பம் அங்கே மனத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் பரவிவிட்டது என்று காட்டுவதற்கு. ஆனாலும் குழப்பிக்குந்ந சோத்யம் என்று அவர்கள் சொன்னால் அது நாம் சொல்லும் குழப்புகிற கேள்விதான். பழைய பொருளை அவர்கள் கைவிட்டுவிடவில்லை.

அந்தப் பரவலில் பிறந்ததுதான் குழப்பமில்ல என்ற பதில். கேரளத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அதுதான் நலத்துக்குச் சான்று. பரீட்சை எப்படி? குழப்பமில்ல. படம் எப்படி? குழப்பமில்ல. காய்ச்சல் எப்படி? இப்போள் குழப்பமில்ல. நாம் இந்த இடங்களில் பரவாயில்லை என்போம். பர்வா என்பது பாரசீகச் சொல். கவலை, பொருட்படுத்துதல் என்று பொருள். இல்லை என்பது மட்டும்தான் அதில் தமிழ். யோசித்துப் பாருங்கள். அன்றாடம் ஆயிரம் தடவை சொல்லும் ஒரு பதிலுக்குத் தமிழ் பாரசீகத்திடம் போயிற்று. மலையாளம் பழந்திராவிட வேரைக் கொண்டே வேலையை முடித்துக்கொண்டது. மலையாளம் வடசொல்லில் முழுகிய மொழி, தமிழ் தனித்து நிற்கும் மொழி என்று பொதுப்படையாகச் சொல்லித் திரிகிறவர்கள் இந்த ஒரு பதிலை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

எல்லையோர ஊர்களில் இந்த வகையில் மூன்று பதில்கள் இருக்கின்றன. சாரமில்ல, கொழப்பமில்ல, பரவால்ல. நான் கவனித்துப் பார்த்த வரையில் மூன்றும் ஒன்றுக்கொன்று இடம் மாறுவதில்லை. பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்துவிட்டு வருந்தினால் 'சாரமில்ல' என்பார்கள். அது மன்னிப்பு, ஆறுதல். அழுகிற குழந்தையைத் தூக்கி 'சாரமில்ல மக்களே' என்று முதுகைத் தட்டுவார்கள். கொழப்பமில்ல என்பது மதிப்பீடு; நிலைமையைப் பார்த்துவிட்டுச் சொல்வது. பலாப்பழத்தை முகர்ந்து பார்த்து, வீட்டின் கூரையைச் சுற்றிப் பார்த்து, மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்து வந்து சொல்வது. பரவால்ல என்பது நாகர்கோவிலுக்குக் கிழக்கேயிருந்து வந்தவரிடம் பேசும்போது வாயில் வருவது. தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் இந்த வேலைகள் எல்லாவற்றையும் பரவாயில்லை ஒன்றே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. வருந்துகிறவரைத் தேற்றுவதற்கும் பலாப்பழத்துக்கு மார்க் போடுவதற்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் ஊர் எதுவென்று கேட்டால், அது இந்த ஊர்தான்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போன மகன் போனில் பேசுகிறான். 'எப்பிடி மக்களே இருக்கே?' 'கொழப்பம் ஒண்ணும் இல்லம்மா.' அந்தப் பதிலில் சம்பளம் வந்ததா, அறையில் எத்தனை பேர், வெயில் எப்படி என்ற எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை அவன் எந்த இழுப்பில் சொன்னான் என்பதை வைத்துத் தாய் எல்லாவற்றையும் அளந்துவிடுவாள். இந்த ஊர்த் தாய்மார் பலருக்கு இது பல வருடப் பழக்கம்.

இனி, இந்தப் பகுதியின் பேச்சில் நான் வியந்து நிற்கும் ஓர் இடத்தைச் சொல்கிறேன். குழப்பத்துக்கு இரண்டு பொருள் இருந்தும் இங்கே யாரும் தடுமாறுவதில்லை. ஏன்? வாக்கியத்தின் அமைப்பு காவல் நிற்கிறது. 'எனக்குக் கொழப்பமாட்டு இருக்கு' என்றால் அது மனம். எழுத்துத் தமிழின் ஆக என்பதற்கு ஈடான ஆட்டு என்ற ஒட்டு இந்தச் சொல்லோடு வந்துவிட்டால் பேச்சு மண்டைக்குள் போய்விட்டது என்று பொருள். 'எனக்குக் கொழப்பம் உண்டு', 'எனக்குக் கொழப்பம் ஒண்ணும் இல்ல' என்று உண்டு, இல்ல என்ற சொற்களோடு நின்றால் அது உடம்போ காரியமோ. 'நீ போறதுல எனக்குக் கொழப்பம் இல்ல' என்றால் எனக்கு மறுப்பில்லை என்று ஆகிறது. பேசப்படுவது வண்டியோ வயிறோ பம்புசெட்டோ என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. பம்புசெட்டுக்கு மனம் கிடையாது, ஆகவே அது கோளாறுதான். ஐந்து வயதுப் பிள்ளை இந்த விதியைத் தவறாமல் கடைப்பிடிக்கிறது. யாரும் அதற்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. இலக்கண நூலில் எழுதப்படவும் இல்லை. தொல்காப்பியர் இன்றிருந்து களியக்காவிளைச் சந்தையில் ஒருநாள் உட்கார்ந்திருந்தால் இதற்கு ஒரு சூத்திரம் எழுதியிருப்பார் என்று நான் மனமார நம்புகிறேன்.

இப்படிப்பட்ட பேச்சைத்தான் கிழக்கே இருக்கிறவர்கள் மலையாளம் கலந்த தமிழ் என்கிறார்கள், வடக்கே இருக்கிறவர்கள் தமிழ் கலந்த மலையாளம் என்கிறார்கள். இரண்டு பக்கமும் சொல்லும்போது ஒரு சிரிப்பு இருக்கிறது. அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கிறது. தெற்குத் திருவனந்தபுரத்தின் 'எந்தரு', 'அப்பீ' என்ற சொற்கள் மலையாள சினிமாவில் வெகுகாலம் நகைச்சுவைக்கென்றே வைக்கப்பட்டன. 2005இல் ராஜமாணிக்கம் படத்தில் மம்மூட்டி அந்தப் பேச்சைக் கதாநாயகன் வாயில் வைத்துப் பேசினார். படம் பெரும் வெற்றி பெற்றது. தமிழ் சினிமாவிலும் குமரிப் பேச்சு பலமுறை வேடிக்கைக்குத்தான் வந்தது. ஆனால் இலக்கியம் இந்த மண்ணின் பேச்சைக் கைவிடவில்லை. ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இல் புத்தம் வீடு நாவலில் இந்த மேற்குக் குமரிப் பேச்சை மதிப்போடு எழுதினார். தோப்பில் முகமது மீரானும் ஜெயமோகனும் குமாரசெல்வாவும் அந்த வழியில் வந்தார்கள். திருவனந்தபுரம் நகரத்திலேயே நீல பத்மநாபனும் சாலைத் தெருவின் ஆ. மாதவனும் தமிழ் எழுதினார்கள். அவர்கள் பக்கங்களில் இந்தச் சொற்கள் தலைநிமிர்ந்து நிற்கின்றன.

நம் பழைய இலக்கணமும் இந்தப் பகுதியை ஒதுக்கவில்லை. சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பிரித்தபோது, செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களின் வழக்குக்குத் திசைச்சொல் என்று ஓர் இருக்கை போட்டார்கள். உரைகாரர்கள் அந்தப் பன்னிரு நிலங்களை எண்ணும்போது வேணாடும் அதில் வருகிறது. நாம் நிற்கும் இந்த மண் பழைய வேணாடு. தாயைத் தள்ளை என்பதும் தந்தையை அச்சன் என்பதும் அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டுகள். இரண்டும் இன்று மலையாளத்தில் வழங்கும் சொற்கள். பிழை என்று அவற்றை உரைகாரர் தள்ளவில்லை, இன்ன நிலத்தார் இப்படிச் சொல்வார்கள் என்று பதிவு செய்தார்கள். குழப்பமில்ல என்ற பதிலும் எனக்கு அந்த வரிசையில் சேரவேண்டிய திசைச்சொல் வழக்காகத்தான் தெரிகிறது.

1928இல் கெஸ்லர், தெரொக்கிஞி என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் ஒரு நூல் எழுதினார்கள். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் உருவம் ஒத்து, பொருள் வேறுபடும் சொற்களுக்குப் பொய் நண்பர்கள் என்று அதில் பெயர் வைத்தார்கள். உலகம் முழுக்க அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையில் அத்தகைய சொற்கள் நிறைய உண்டு. வெள்ளம் அங்கே குடிக்கிற நீர், இங்கே ஊரை அழிக்கிற நீர். அவசரம் அங்கே வாய்ப்பு, இங்கே பரபரப்பு. சம்சாரம் அங்கே பேச்சு, இங்கே மனைவி. இவற்றைப் பொய் நண்பர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே வீட்டில் பிறந்து வெவ்வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட அக்காள் தங்கைகள் அவை. குமரி மாவட்டத்தில் தாகத்துக்கு வெள்ளம் கேட்கிற தமிழர் ஏராளம். பொய் எங்கிருந்து வந்தது?

எல்லைக்கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் மார்ஷல் நேசமணி தலைமையில் போராடியபோது அதன் கோரிக்கையில் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது; உயிர்கள் போயின. மாநிலச் சீரமைப்புக்கான பசல் அலி ஆணையம் 1955இல் அறிக்கை கொடுத்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்தப் போராட்ட நாட்களையும் குழப்பம் என்று சொன்னவர்கள் உண்டு. ஆட்சியில் இருப்பவர்கள் மக்கள் எழுச்சியை அந்தச் சொல்லால் குறிப்பது எல்லா நாட்டிலும் உள்ளதுதான். எந்த வாயிலிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் அந்தச் சொல்லின் எடையைச் சொல்லமுடியும்.

கோடு போட்டவர்கள் தாலுகா தாலுகாவாகப் போட்டார்கள். சொற்கள் தாலுகாவுக்குக் கட்டுப்படவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கமும் ஊர்ப்பெயர் விளை என்று முடிகிறது, அந்தப் பக்கமும் விளை என்று முடிகிறது. இஞ்சிவிளையும் அமரவிளையும் கேரளத்தில், களியக்காவிளை தமிழ்நாட்டில். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் வேளிமலை முருகனும் புறப்பட்டுக் களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போகிறார்கள். வழியில் நெய்யாற்றின்கரையில் தங்குகிறார்கள். மாநிலம் பிரிந்த பிறகும் அந்த ஊர்வலம் நிற்கவில்லை. ஊர்வலத்தைப் பார்க்க நிற்கும் கூட்டத்தில் எது தமிழ்க் குடும்பம், எது மலையாளக் குடும்பம் என்று பேச்சை வைத்துப் பிரிக்கப் பார்ப்பவர் தோற்றுத்தான் போவார்.

அகராதிகளிடம் வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். அதன் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை அந்தப் பணிக்கு வருவதற்கு முன் திருவனந்தபுரத்தில் வக்கீலாக இருந்தவர். மலையாளத்துக்கு ஹெர்மன் குண்டர்ட் 1872இலேயே பேரகராதி கொடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இந்த மண்ணிலேயே பிறந்தார். நாகர்கோவில் வடசேரியில் 1926இல் பிறந்த வ. அய். சுப்பிரமணியம், கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை உருவாக்கியவர். ஒரு தமிழர், மலையாளத்தின் வட்டார வழக்கைக் கேரளம் முழுக்க ஆள்விட்டுக் கேட்டுத் தொகுத்து, 1974இல் வழக்கு வரைபடமாக வெளியிட்டார். பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார். எல்லையில் பிறந்தவருக்கு இரண்டு மொழியும் சொந்தம் என்பதை அவர் தம் வாழ்நாள் உழைப்பால் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் தொடங்கிய வேலை இன்னும் மீதி இருக்கிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கை வழக்கைத் தனிக் குறி போட்டுத் தருகிறது. ஆகவே குழப்படி என்ற ஈழச் சொல்லுக்கு ஓர் இடம் கிடைக்க வழி இருக்கிறது. கி. ராஜநாராயணன் எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் இல்லாமல், கரிசல் காட்டு விவசாயியாக இருந்துகொண்டே 1982இல் வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தார். அ. கா. பெருமாள் நாஞ்சில் வட்டாரத்துக்குச் செய்தார். அதே கவனம் விளவங்கோட்டுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் காட்டாக்கடைக்கும் கிடைக்கவேண்டும். சாரமில்ல எங்கே, கொழப்பமில்ல எங்கே என்ற அந்த நூலிழை வேறுபாடு ஓர் அகராதியில் ஏறாமல் போனால் அது நம் தலைமுறையின் குற்றமாகும்.

காலம் தாழ்த்த முடியாது என்பதற்கு ஒரு காரணமும் சொல்கிறேன். இப்போது இங்குள்ள இளைஞர்கள் பேசுவதைக் கேளுங்கள். மனத் தடுமாற்றத்துக்கு அவர்கள் குழப்பம் என்று சொல்வது குறைந்து வருகிறது. 'ஒரே கன்பியூஷன்', 'கன்பியூஸ் ஆயிப்போச்சு' என்கிறார்கள். சென்னையிலும் அப்படித்தான், கொச்சியிலும் அப்படித்தான். மண்டைக்குள் இருப்பதை ஆங்கிலத்திடம் கொடுத்துவிட்டு, வண்டிக்கும் வயிற்றுக்கும் மட்டும் குழப்பத்தை வைத்துக்கொள்கிறார்கள். இப்படியே போனால் ஆட்டு என்ற ஒட்டு காவல் நின்ற அந்த அருமையான அமைப்புக்கு வேலையில்லாமல் போகும். கொழப்பமாட்டு இருக்கு என்ற வாக்கியம் பாட்டிகளோடு போய்விடும். மலையாளத்தால் தமிழுக்கோ தமிழால் மலையாளத்துக்கோ இந்த ஊரில் வந்த நட்டம் எதையும் நான் காணவில்லை. இரண்டும் ஒன்றையொன்று வளர்த்திருக்கின்றன. மூன்றாவது மொழி வந்து உட்காரும்போதுதான் இரண்டு வீட்டிலும் ஓர் அறை காலியாகிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளை தமிழ்க் கட்டுரையில் 'தாத்தாவுக்கு இப்போது குழப்பம் இல்லை' என்று எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள். அதற்கு உன் ஊரில் என்ன பொருள், திருச்சியில் என்ன பொருள் என்று கேளுங்கள். இரண்டையும் அந்தப் பிள்ளை சொல்லிவிடும். சொன்னதும் பொதுத்தமிழில் எப்படி எழுதுவது என்று காட்டுங்கள். வீட்டுப் பேச்சு தவறு என்று மட்டும் சொல்லாதீர்கள். மலையாளப் பள்ளியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளையிடமும் இதே பரிவு வேண்டும்.

மாணவ மக்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அறுபது வயதைத் தாண்டியவர் யாரோ அவர் பக்கத்தில் உட்காருங்கள். குழப்பம், குழம்பு, சாரம், வெள்ளம் என்று தொடங்கி, அவர் வாயில் வரும் சொற்களைத் தனிச்சொல்லாக எழுதாமல் முழு வாக்கியமாக, அவர் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதுங்கள். யாரிடம், எந்தச் சமயத்தில் அப்படிச் சொல்வார் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். தமிழ் எழுத்திலோ மலையாள எழுத்திலோ எது கைவருகிறதோ அதில் எழுதுங்கள். எழுதியதை உங்கள் ஊர் வாசகசாலையில் கொண்டுவந்து கொடுங்கள். அகராதி எழுத வருகிறவருக்கு முதல் படி அதுதான்.